நீ படகில் ஏறிய பிறகு

மார்ச் 3

என் தங்கை ஊசிக்கு,

முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துவிடு. கோழி கிளறிய காகிதத்தை உறையில் போட்டு அனுப்பிவிட்டார்களோ என்று நினைத்துவிடாதே. எழுதியது உன் அண்ணன்தான். நாலு இஞ்ச் பிரஷ் பிடித்து நாற்பத்தைந்து வருஷம் சுவருக்குப் பெயிண்ட் அடித்த கைக்குள் பேனா காணாமல் போய்விடுகிறது. முதல் வரியை எழுதி உன் அண்ணியிடம் காட்டினேன். "என்னங்க இது, எழுத்தெல்லாம் மாடி ஏறுது?" என்றாள். "ஏணியில நின்ன கை, ஏறத்தான் செய்யும்" என்றேன்.

நூலகத்து மாலை வகுப்புக்கு இரண்டு வருஷமாகப் போகிறேன் அல்லவா? நான் ஒருவருக்கு எழுதும் முதல் கடிதம் இது. எழுபது வயதில்! இதை எழுத மூன்று நாள் ஆகிறது. ஆனாலும் நினைத்துப் பார். நான் இங்கே உட்கார்ந்து "ஏய் ஊசி" என்று எழுதினால், ஐந்து நாள் கழித்து நீ அங்கே தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்குகிறாய். இதை இத்தனை வருஷம் தெரியாமல் இருந்துவிட்டேனே.

நீ சுகமா? உன் மகள் சுகமா? போனில் நீ கேட்டபோதெல்லாம் "நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். என் காதுக்கும் போனுக்கும் ஆகாது என்று உனக்குத் தெரியும். இப்போது முழுதாகச் சொல்கிறேன். வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாய் ஒரு இடத்தில் சைக்கிள் ட்யூப் புடைத்த மாதிரி புடைத்திருந்தது. பிப்ரவரி ஆறாம் தேதி வயிற்றைத் திறந்து, அந்த இடத்தில் ஒரு துணிக்குழாயை வைத்துத் தைத்துவிட்டார்கள். ஆமாம், துணிதான். உன் தொழில்காரர்கள்தான் என்னைப் பிழைக்க வைத்திருக்கிறார்கள்.

மூன்று மாதத்துக்குத் துடுப்பைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தண்ணீர் வாளிகூடத் தூக்கக்கூடாதாம். பத்தொன்பது வருஷமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் நானும் என் கூட்டாளி கண்டக்டரும் ஏரியில் படகு விட்டிருக்கிறோம். இப்போது அவன் மட்டும் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, "வண்டி டிப்போவுல நிக்குது. டிரைவர் மெடிக்கல் லீவு" என்கிறான். ரிட்டயர் ஆகிப் பத்து வருஷமாகியும் பஸ்ஸை விட்டு இறங்காதவன்.

இன்னொரு விஷயம். டாக்டர், "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார். இது ரத்தத்தில் வருமாம். நீ ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். வலிக்காது. வயிற்றில் ஒரு பசையைத் தடவிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். எடுத்துவிட்டு எழுது.

உன் அண்ணன்

&nbsp;

மார்ச் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். நீயும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்ததும் யாரோ தெரியாதவர்கள் எழுதியது என்று நினைத்தேன். "ஊசி" என்ற சொல்லைப் பார்த்ததும் கடை நடுவே நின்று அழுதுவிட்டேன். கடையில் இருந்த மூன்று பேரும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். "எங்க அண்ணன் எழுதக் கத்துக்கிட்டான்" என்றேன். "அதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்று ஒருத்தி கேட்டாள். அவளுக்கென்ன தெரியும்.

உள்ளே வைத்தது என்ன துணி? கேட்டு எழுது. பருத்தி என்றால் சுருங்குமே. எத்தனை தையல்? ஒற்றைத் தையலா, இரட்டைத் தையலா? நூல் இற்றுப்போகாதா? சிரிக்காதே. எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டும்.

மயக்கத்திலிருந்து எழுந்தபோது எப்படி இருந்தது என்றும் எழுது.

இங்கே பள்ளிச் சீருடை வேலை தலைக்கு மேல் இருக்கிறது. இருநூற்று நாற்பது சட்டைக்கு அளவு எடுத்திருக்கிறோம். குனிந்தால் நிமிர நேரமில்லை. படகு படகு என்று அடம் பிடிக்காமல் சொன்னபடி இரு. நீந்தத் தெரியாதவனுக்குப் படகு எதற்கு என்று நான் எப்போதும் கேட்டதுதான்.

உன் தங்கை

&nbsp;

மார்ச் 22

ஊசிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அண்ணி உன்னை விசாரித்தாள்.

உன் கடிதத்தை நானே படித்தேன். யாரையும் கூப்பிடவில்லை. ஒரு காலைப்பொழுது முழுக்க ஆயிற்று. இரண்டாம் தடவை கண்டக்டருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். நீந்தத் தெரியாதவன் என்ற இடம் வந்ததும், "தங்கச்சி கரெக்டா பாயிண்டைப் பிடிச்சுட்டாங்க" என்று தொடையைத் தட்டிக்கொண்டான்.

துணி பாலியஸ்டராம். டாக்டரிடம் கேட்டேன். "என்ன தையல்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான்" என்று சிரித்தார். நூல் இற்றுப்போகாதாம். விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது. வயிற்றின் மேல் யாரோ ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டுப் போன மாதிரி ஒரு பாரம். இருமினால் ஒரு தலையணையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ஆனால் ஸ்கேன் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குப் படிக்கத் தெரியாமல் விட்டுப்போயிற்றோ என்று அண்ணியையும் பார்க்கச் சொன்னேன். இல்லை.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அப்பா போனபோது உனக்கு ஒன்பது வயது. உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டோம். நான் கூடவே இருந்தேன். வேலையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். "முதுகு பிடிக்குதுடா" என்றார். உட்கார்ந்தார். ஒரு செருப்பு காலிலேயே இருந்தது. ஆள் ஓடி வண்டி கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. வாய்வு என்றார்கள், மாரடைப்பு என்றார்கள். நான் சொன்னதைக் கேட்டதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

சட்டைகள் காத்திருக்கும். நீ போய்ப் பார்.

உன் அண்ணன்

&nbsp;

ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. வேலை என்று எழுதலாம். எழுதவில்லை.

போனேன். பசையைத் தடவினார்கள். அந்தப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டே என்னோடு பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் பேச்சை நிறுத்தினாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஐந்தரை சென்டிமீட்டர். வீட்டுக்கு வந்து இஞ்ச் டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். சட்டைப் பையின் பாதி அகலம். அதை எனக்குள் வைத்துக்கொண்டு நான் இத்தனை நாள் மெஷின் மிதித்திருக்கிறேன்.

இங்கேயும் அதே அறுவைச் சிகிச்சைதான் சொல்கிறார்கள். மே 27 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். மகளுக்கு மட்டும் தெரியும். கடையில் சொல்லவில்லை.

அண்ணா, ஒரு சட்டைத் துணியை வெட்டுவதற்கு முன்னால் நான் மூன்று தடவை அளப்பேன். ஏனென்றால் வெட்டியதை ஒட்ட வைக்க முடியாது. இந்தக் கையில் கத்தரிக்கோல் நாற்பது வருஷமாக இருக்கிறது. இப்போது என்னைப் படுக்க வைத்து இன்னொருவர் வெட்டப் போகிறார். அவர் எத்தனை தடவை அளப்பார்? பாலியஸ்டரில் நான் தைத்த சட்டைகள் பள்ளிக்கூடம் திறந்த ஒரு மாதத்தில் அக்குளில் பிரிந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

டாக்டரிடம் நான் சரி என்று சொல்லவில்லை. என் முடிவைச் சொல்கிறேன். நீ எனக்கு முன்னால் போனவன். உனக்கு மே மாதம் மூன்று மாதம் முடிகிறது. நீ படகில் ஏறித் துடுப்புப் போட்டேன் என்று எழுது. அந்தத் தையல் தாங்குகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். நீ படகில் ஏறிய பிறகு நான் படுக்கிறேன். இல்லாவிட்டால் இருக்கும்வரை இருந்துவிட்டுப் போகிறேன்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை

&nbsp;

ஏப்ரல் 17

ஊசிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் அண்ணியிடம் போனேன். காகிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நீ கேட்டது ஒரு பெரிய விஷயமா? மே மூன்றாம் தேதி டாக்டர் பார்க்கிறார். ஐந்தாம் தேதி ஞாயிறு. அன்றைக்கே ஏரியில் இருப்பேன். கண்டக்டர் படகின் அடிப்பாகத்தைத் தேய்த்துப் புதுப் பெயிண்ட் அடிக்கிறான். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து திட்டிக்கொண்டிருக்கிறேன். "பிரஷ்ஷை அப்படிப் பிடிக்காதடா, டிக்கெட் கிழிக்கிற மாதிரி இருக்கு" என்றேன். "மூடிட்டு உக்காரு, பேஷண்ட்டு பேசக்கூடாது" என்கிறான்.

தேதியை மட்டும் மாற்றாதே. கனமான எதையும் தூக்காதே. இஸ்திரிப் பெட்டியைக்கூட மற்றவர்களைத் தூக்கச் சொல். முதுகு வலித்தால் அன்றைக்கே, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போ.

எழுத்து மறுபடி மாடி ஏறுகிறது. வயதுதான் காரணம்.

அண்ணன்

&nbsp;

மே 8

என் அருமைத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பாடு இறங்குகிறதா?

இங்கே வெயில் அதிகம். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். மாலை வகுப்பில் என்னை முதல் வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். செய்தித்தாளில் பெரிய எழுத்தோடு சின்ன எழுத்தையும் இப்போது படிக்கிறேன். அண்ணி கண்ணாடி மாற்றினாள். படகுக்கு நீலம் அடித்து முடித்தாயிற்று. ஓரத்தில் கொஞ்சம் வழிந்திருக்கிறது, கண்டக்டர் வேலை.

டாக்டரைப் பார்த்தேன். காயம் நன்றாக ஆறியிருக்கிறது என்றார். துடுப்புக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்கிறார். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. டாக்டர்கள் அப்படித்தான்.

அதற்கும் உன் தேதிக்கும் சம்பந்தமில்லை. நீ உன் தேதிக்குப் போ. என் உடம்பு வேறு, உன் உடம்பு வேறு. நான் கிழவன்.

வேறு விசேஷம் இல்லை.

உன் அண்ணன்

&nbsp;

மே 19

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காயம் ஆறியதில் சந்தோஷம்.

நான் தேதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபப்படாதே. யோசித்துத்தான் சொன்னேன். கயிறு கட்டாமல் நாலு மாடிக்கு ஏறி நின்ற உடம்பு உன்னுடையது. அதற்கே மூன்று மாதமாகியும் ஒரு துடுப்பைப் பிடிக்கத் தெம்பு வரவில்லை, டாக்டரே பயப்படுகிறார் என்றால், மெஷின் முன்னால் உட்கார்ந்தே வளர்ந்த இந்த உடம்பு என்ன ஆகும்? படுத்த படுக்கையாகக் கிடந்து என் மகள் கையால் எல்லாம் செய்துகொள்ள எனக்கு இஷ்டமில்லை.

மகள் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறாள்.

சீருடை நூற்றைம்பது முடிந்துவிட்டது. இரண்டு நாளாக முதுகில் ஒரு வலி. பயப்படாதே, குனிந்து வேலை செய்வதால் வருவதுதான். எண்ணெய் தேய்த்தேன்.

நீ எழுதிக்கொண்டே இரு. உன் எழுத்து இப்போது வரியில் நிற்கிறது.

தங்கை

&nbsp;

மே 25

ஊசி,

உன் கடிதம் இன்று காலை பத்து மணிக்கு வந்தது. முதுகு என்ற இடத்தில் நிறுத்திவிட்டு உனக்குப் போன் செய்தேன். உன் மகள் எடுத்தாள். "அம்மா எங்க?" என்று கத்தினேன். "மெஷின்ல உக்காந்திருக்காங்க மாமா" என்றாள். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா, இப்பவே!" என்றேன். "நான் சொன்னா கேக்குறாங்களா? 'எங்க அண்ணனுக்கே சரியாகல'ன்னு ஒரே பேச்சு. நீங்களே பேசுங்க" என்றாள். பிறகு, "போனுக்கு வர மாட்டேங்கறாங்க மாமா" என்றாள். அவள் அழுதது என் காதுக்கே கேட்டது.

அதனால் எழுதுகிறேன். இதை நீ படித்துத்தான் ஆக வேண்டும்.

நான் உன்னிடம் பொய் சொன்னேன்.

மே மூன்றாம் தேதியே டாக்டர், "தாராளமா போங்க, மெதுவா ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டார். துணியும் தையலும் கெட்டியாக இருப்பதை ஸ்கேனில் எனக்கே காட்டினார். ஐந்தாம் தேதி காலையில் நான் படகுத்துறைக்குப் போனேன். கண்டக்டர் துடுப்பை மாட்டி வைத்திருந்தான். ஒரு காலைப் படகுக்குள் வைத்தேன். அது எப்போதும் போலக் கொஞ்சம் அமுங்கியது. அவ்வளவுதான், என் கை தானாக வயிற்றுக்குப் போய்விட்டது. உள்ளே எல்லாம் பிரிந்து கொட்டிவிடும் என்று தோன்றியது. அப்பாவின் ஒற்றைச் செருப்பு கண்ணுக்கு முன்னால் வந்தது. கண்டக்டர் "ரைட்" என்றான். நான் "ஹோல்டான்" என்றேன். "என்னடா?" என்றான். "இன்னைக்கு வேண்டாம்" என்றேன். காலை எடுத்துவிட்டேன். அந்தப் பலகையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் துடுப்பைக் கழற்றி வைத்தான். கேலிகூடப் பண்ணவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நாலு மாடி ஏறியவன் என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறாய். முழங்கால் தண்ணீரில் நிற்கும் படகில் ஏறப் பயந்தான் என்று எப்படி எழுதுவது? டாக்டர் மேல் போட்டேன். புதிதாக எழுதக் கற்றுக்கொண்டவன் முதலில் எழுதிய பெரிய விஷயம் ஒரு பொய்.

அந்தப் பொய்யை நம்பி நீ தேதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். என் உடம்பில் குறை இல்லை. பயந்தது நான்தான். இதை மட்டும் புரிந்துகொள்.

நாளை ஞாயிறு. காலையில் ஏரிக்குப் போகிறேன். வந்ததும் எழுதுகிறேன். அதுவரை மெஷினை மிதிக்காதே.

அண்ணன்

&nbsp;

மே 26

ஊசிக்கு,

படகில் ஏறினேன். துடுப்புப் போட்டேன்.

விரைவுத் தபாலில் போகும், அதனால் சுருக்கமாக எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னாள். என்னால் முடியாது. நடந்ததை நடந்தபடி எழுதினால்தான் நீ இனி என்னை நம்புவாய்.

காலையில் சாப்பிடப் பிடிக்கவில்லை. அண்ணியும் துறைக்கு வந்தாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. "விழுந்தீங்கன்னா நான் குதிக்கல்லாம் மாட்டேன்" என்றாள். ஏறும்போது என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள், விடவில்லை. கண்டக்டர்தான், "அம்மா, புட்போர்டுல நிக்காதீங்க" என்று சொல்லி அவள் கையை எடுத்துவிட்டான்.

எப்போதும் இரண்டு பேரும் ஆளுக்கொரு துடுப்புப் பிடிப்போம். இன்று இரண்டும் என் கையில். அவன் எதிரே சும்மா உட்கார்ந்திருந்தான். முதல் இழுப்பில் தழும்பு ஓரம் சுரீர் என்றது. சிறுசாகிப்போன சட்டையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் இழுக்குமே, அந்த மாதிரி. உள்ளே வலி இல்லை. மேலே, தோலில்தான். பத்து இழுப்பு இழுத்தேன். சிவப்பு மிதவை வரைக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கரையிலிருந்து இருநூறு அடி இருக்கும்.

பாதி வழியில் வயிற்றுக்குள் ஏதோ முறுக்கியது. துடுப்பை விட்டுவிட்டேன். முடிந்தது, வெடித்துவிட்டது என்று நினைத்தேன். படகு தன் போக்கில் திரும்பியது. கண்டக்டர் முகத்தில் ரத்தமே இல்லை. "என்னடா? எங்கடா? சொல்லுடா" என்றான். நான் முதுகு பிடிக்கிறதா என்று கவனித்தேன். பிடிக்கவில்லை. தண்ணீர் படகின் பக்கத்தில் தட்டுகிற சத்தம் மட்டும். அப்புறம் வயிறு பெரிதாக உறுமியது, அவனுக்கே கேட்டது. பசி. "நாசமாப் போறவனே, ஒரு ரொட்டியைத் தின்னுட்டு வந்திருக்கக் கூடாதா!" என்று திட்டிவிட்டு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மிதவையைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். தையல் தாங்கியது. வீட்டுக்கு வந்து தழும்பைக் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு இடமும் சிவக்கவில்லை.

பயம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். அது இரண்டாவது பொய்யாகிவிடும். திரும்பி வரும்போதும் பயந்துகொண்டேதான் இழுத்தேன். பயந்த உடம்பும் துடுப்புப் போடுகிறது, அதை மட்டும் இன்று பார்த்தேன்.

நீ சொன்னதை நான் செய்தேன். இனி நீ சொன்னதை நீ செய்.

அண்ணன்

தங்கச்சி, இது கண்டக்டர். உங்க அண்ணன் எழுதினது எல்லாம் உண்மை, நான் கூடவே இருந்தேன். ரொட்டி விஷயமும் உண்மை. தயவுசெய்து போய்ப் படுங்க. இவனை வச்சுச் சமாளிக்க முடியல.

&nbsp;

ஜூன் 3

அண்ணனுக்கு,

பொய் சொன்னதற்காக உன்னை நேரில் வந்து திட்ட வேண்டும். அதற்காகவாவது பிழைத்து வர வேண்டியிருக்கிறது.

உன் இரண்டு கடிதங்களையும் மகள்தான் மெஷின் மேலேயே கொண்டுவந்து வைத்தாள். துணிக்கு மேல் வைத்தால் நான் நகர்த்திவிடுவேன் என்று ஊசிக்கு அடியிலேயே வைத்தாள். படித்தேன். வலி எங்கே, எப்படி என்று நீ எழுதிய இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சிறுசாகிப்போன சட்டை. அது எனக்குப் புரிகிறது. டாக்டர்கள் சொன்ன எதுவும் எனக்கு இப்படிப் புரியவில்லை.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மறுபடி அளந்தார்கள். எவ்வளவு என்று கேட்காதே. இஞ்ச் டேப்பை மகளிடம் கொடுத்துவிட்டேன். முன்பு போலத் தேதியை வேண்டாம் என்று சொல்ல விடவில்லை. ஜூன் 12, புதன், காலை எட்டு மணி. அதுவரை படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கடையில் சொல்லிவிட்டேன். மீதிச் சட்டைகளை வெட்டி, சாக்பீஸில் கோடு போட்டு, அளவுச் சீட்டுக் குத்தி அடுக்கி வைத்திருக்கிறேன். யார் உட்கார்ந்தாலும் தைத்துவிடலாம்.

அண்ணா, எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ரொம்ப.

தலையணையை எந்தப் பக்கம் அணைத்துக்கொள்ள வேண்டும் என்று நீ எழுதவில்லை. மகளிடம் போனில் சொல்.

ஊசி

&nbsp;

ஜூன் 12, புதன்

ஊசிக்கு,

விரைவுத் தபாலில் வரும் இதை நீ படிக்கும்போது தொண்டை வறண்டிருக்கும். தண்ணீர் கேட்காதே, கொடுக்க மாட்டார்கள். ஈரப்பஞ்சு வைப்பார்கள். அதுவே அமுதமாக இருக்கும்.

காலை எட்டு மணிக்கு உன்னை உள்ளே கொண்டுபோனார்கள் என்று உன் மகள் போன் செய்தாள். நாலு மணி நேரம் ஆகும், முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்றாள். இப்போது ஒன்றரை. அண்ணி போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்து வைக்கிறாள். "வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்கிறாள். "நீங்க பாத்துக்கிட்டே இருந்தா லைன் எப்படிக் கெடைக்கும்?" என்று கண்டக்டர் சத்தம் போட்டான். அப்புறம் அவனே எழுந்து போய்ப் பார்த்தான்.

எனக்கு உட்கார முடியவில்லை, நடக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதும்போது அடுத்த எழுத்தை மட்டும் யோசித்தால் போதும். இந்தப் பக்கத்துக்கு வருவதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. வேகமாக எழுதத் தெரியாதது இன்றைக்கு நல்லதாகப் போயிற்று.

கண்டக்டர் எதிரில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போடுகிறான், ஒன்றும் வாய்க்குப் போகவில்லை. "முன்னப்பின்ன ஆகும்டா. எங்க வண்டி என்னைக்காவது டயத்துக்குப் போய்ச் சேந்திருக்கா?" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

இரண்டு மணி.

நீ அளவு கேட்காதே என்று எழுதினாய். நான் உன் மகளிடம் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

இரண்டே கால்.

போன் அடிக்கிறது.

அண்ணி ஓடுகிறாள். கண்டக்டர் எழுந்து நிற்கிறான். நான் எழுந்திருக்கவில்லை. அவள் "ஹலோ" சொல்லிவிட்டாள், உன் மகள் பேசுகிறாள் போலிருக்கிறது, அண்ணி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. அவள் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும். கை ஓடமாட்டேன் என்கிறது. அடுத்த வாரம், புதன்கிழமை, ஊசி, உன் பெயருக்குத்தான், வேறு யார் பெயருக்கும் இல்லை, நான் கடிதம் எழுதுவேன்.

அண்ணன்